மீட்டிங்குக்கு முன்பே முடிந்துவிட்ட முடிவு

கேள்வி சுருக்கமாக இது: "ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் எட்டு வருடமாக இருக்கிறேன். அளவு சோதிக்கும் சி.எம்.எம். மெஷின் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து மூன்று சப்ளையர்களை ஒப்பிட்டு ரிப்போர்ட் கொடுத்தேன். மீட்டிங் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான் கடைசி இடம் கொடுத்த மெஷினுக்கு ஆர்டர் போட்டார்கள். 'உனக்கு பாலிடிக்ஸ் தெரியல' என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர். நான் பாலிடிக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டுமா, வேறு வேலை தேட வேண்டுமா?"

அந்த மீட்டிங்கில் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. ஏற்கெனவே முடிவானதை வாசித்தார்கள், அவ்வளவுதான். நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி. அங்கே எழுந்து நின்று "மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்" என்று யாராவது ஆரம்பிப்பார்களா? பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அந்தப் பாயே விரிக்கப்படுகிறது. நீங்கள் பாய் விரித்த பிறகு ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

இதை நக்கலாகச் சொல்லவில்லை. நானும் அப்படிப் போனவன்தான். பதினைந்து வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் ஷாப், அதன் பிறகு பதினொரு வருடம் ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) மென்பொருள் வேலை. இரண்டு இடத்திலும் அடிபட்டுத்தான் இதெல்லாம் புரிந்தது.

அம்பத்தூரில் இருந்தபோது ஏர் கம்ப்ரஸர் ஒன்று வாங்க வேண்டி வந்தது. கரண்ட் பில் கணக்கு போட்டேன், ஐந்து வருட பராமரிப்புச் செலவு போட்டேன், லீக்கேஜ் உட்பட எல்லாம் போட்டேன். பிளான்ட் ஹெட் ஃபைலின் முதல் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னாடியே "ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்க" என்றார். படிக்காமலேயே பாராட்டு வந்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம். அப்போது எனக்கு அது தெரியாது. வேறொரு கம்பெனி கம்ப்ரஸர் வந்து இறங்கியது. ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கமிஷன் விளையாடியிருக்கிறது என்றே முடிவு கட்டி, கேன்டீனில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

ஒருநாள் அக்கவுன்ட்ஸ் பையன் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான். அந்தக் காலாண்டில் கம்பெனிக்குக் கையில் பணமில்லை. அந்த சப்ளையர் 90 நாள் கடன் கொடுத்தார், மற்றவர்கள் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டார்கள். விஷயம் அவ்வளவுதான். பிளான்ட் ஹெட்டும் ஃபைனான்ஸ் மேனேஜரும் தினமும் அண்ணா நகரிலிருந்து ஒரே காரில் வருவார்கள். பாடி பக்கம் டிராஃபிக்கில் நிற்கிற நேரத்தில் அந்தக் கம்ப்ரஸர் முடிவாகிவிட்டது. அந்தக் காரில் நான் இல்லை. அதைவிட முக்கியமானது, ஃபைனான்ஸ் மேனேஜரிடம் போய் "சார், இந்த வருஷம் பணம் எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கவே இல்லை. யாரும் கேட்காத கேள்விக்கு நாற்பது பக்கம் பதில் எழுதியிருக்கிறேன்.

நம்மூரில் "பாலிடிக்ஸ்" என்று அலுத்துக்கொள்வதில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்பது என் அபிப்பிராயம். அடுத்த டிபார்ட்மென்ட்காரருக்கும் ஒரு நியாயமான கவலை இருக்கிறது. அது நம் கண்ணில் படவில்லை. படாததால் அதற்குச் சதி என்று பெயர் வைத்துவிடுகிறோம். மீதிப் பாதி நிஜமான அதிகார விளையாட்டு. அதற்கு வருகிறேன்.

அதிகாரத்தைப் பற்றி எம்.பி.ஏ. வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது ஜான் பிரெஞ்சும் பெர்ட்ராம் ரேவனும் 1959-ல் போட்ட பட்டியலை. பதவியால் வருவது, பரிசு கொடுக்க முடிவதால் வருவது, தண்டிக்க முடிவதால் வருவது, அறிவால் வருவது, ஆள் மேல் இருக்கும் அபிமானத்தால் வருவது என்று ஐந்து. பரீட்சைக்கு நல்லது. ஆனால் ஒரு ஷாப் ஃப்ளோரில் யார் சொன்னால் நடக்கும் என்று கண்டுபிடிக்க அது எனக்கு அவ்வளவாக உதவியதில்லை. எனக்கு உதவியது எங்கள் எலக்ட்ரீஷியன்.

அவரை எல்லோரும் மேஸ்திரி என்போம். சம்பளப் பட்டியலில் அடியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும் பெயர். ஆனால் 200 டன் பிரஸ் நின்றுவிட்டால் பிளான்ட் ஹெட்டே இறங்கி வருவார். பின்னாலேயே கேன்டீன் பையன் டீ கொண்டு வருவான், மேஸ்திரிக்கு. கன்ட்ரோல் பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு, மேஸ்திரி டீயை ஊதி ஊதிக் குடிப்பார்.

"எப்போ ஓடும் மேஸ்திரி?"

"பாக்கணும் சார்."

அந்த "பாக்கணும்" என்ற ஒரு சொல்லில் பத்து நிமிஷமும் இருக்கலாம், இரண்டு நாளும் இருக்கலாம். எவ்வளவு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அந்த பேனலின் வயரிங் டிராயிங் ஆபீஸில் இல்லை. ஒரு காலத்தில் இருந்ததாம், எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. இருபது வருடத்தில் அவர் மாற்றிய வயர்கள் எல்லாம் அவர் தலைக்குள்தான். ஓவர்டைம் யாருக்கு, மேஸ்திரிக்கு ஹெல்பராக யார், தீபாவளிக்கு முதல் நாள் யாருக்கு லீவு என்பதெல்லாம் காகிதத்தில் சூப்பர்வைசர் முடிவு. நடப்பில் மேஸ்திரி தலையசைக்க வேண்டும்.

பின்னாளில் மிஷேல் க்ரோஸியே என்ற பிரெஞ்சு சமூகவியலாளரின் ஆய்வைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரான்ஸில் அரசு நடத்திய சிகரெட் தொழிற்சாலைகளை அவர் ஆராய்ந்து 1960-களின் தொடக்கத்தில் எழுதியது. அங்கே எல்லாவற்றுக்கும் விதி உண்டு. யார் எந்த வேலை, எப்போது பதவி உயர்வு, எல்லாம் எழுதி வைத்தாகிவிட்டது. எழுதி வைக்க முடியாத ஒன்றே ஒன்று, மெஷின் எப்போது கெடும் என்பது. அதனால் மெஷின் ரிப்பேர் செய்பவர்கள் கையில் அதிகாரம் போய்ச் சேர்ந்தது. மேலதிகாரிகளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கூடவே ஒரு விஷயம்: அங்கேயும் மெஷின் வரைபடங்களும் பராமரிப்புக் குறிப்புகளும் தொழிற்சாலையிலிருந்து காணாமல் போயிருந்தன! பிரான்ஸ் மேஸ்திரியும் நம்ம மேஸ்திரியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

மற்றவர்களுக்கு எது நிச்சயமில்லாமல் இருக்கிறதோ, அதைத் தீர்க்கிறவர் கைக்கு அதிகாரம் போகிறது. இது தொழிற்சாலைக்கு மட்டும் இல்லை. ஜெஃப்ரி ஃபெஃபரும் ஜெரால்ட் சலான்சிக்கும் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பட்ஜெட்டை ஆராய்ந்து 1974-ல் எழுதினார்கள். எந்தத் துறை வெளியிலிருந்து ஆராய்ச்சிப் பணம் கொண்டுவருகிறதோ அந்தத் துறையின் செல்வாக்கு ஏறுகிறது. செல்வாக்கு ஏறியவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்திலும் பங்கு கூடுகிறது. படித்தவர்கள் கூடும் இடமென்றாலும் கணக்கு அதேதான்.

ஓ.எம்.ஆருக்கு வந்த பிறகு "பாக்கணும்" என்பதற்கு ஆங்கில வேஷம் போட்ட ஒரு வாக்கியத்தைக் கேட்டேன்: "கிளையன்ட் ஒத்துக்க மாட்டாங்க." எந்த விவாதத்தையும் அது முடித்துவிடும். கிளையன்ட்டோடு பேசுகிறவர் அதைச் சொல்லும் மேனேஜர் ஒருவர்தான். ஒத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்று சரிபார்க்க வேறு யாருக்கும் வழியில்லை. டிராயிங்கைத் தொலைத்த மேஸ்திரியும், கிளையன்ட் காலுக்கு டீமை அழைக்காத மேனேஜரும் ஒரே தொழில்தான் செய்கிறார்கள். அங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "சார்" என்றால் கோபித்துக்கொள்வார்கள். அம்பத்தூரில் ஒருவரை "சார்" என்பார்களா, "அண்ணே" என்பார்களா, "தம்பி" என்பார்களா என்று கேட்டாலே யாருக்கு என்ன மரியாதை என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஓ.எம்.ஆரில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்கள் கம்பெனிக்கு வருவோம். அந்த மெஷின் விஷயத்தில் நிச்சயமில்லாதது எது, அது யார் தலைவலி? அளவு சரியாக எடுக்குமா என்பது உங்கள் தலைவலி. பணம் எப்போது கட்டுவது என்பது ஃபைனான்ஸின் தலைவலி. உங்களிடம் பாகம் வாங்கும் கார் கம்பெனி ஆடிட்டுக்கு வந்து "எங்களிடம் இருக்கும் அதே மெஷின்தான் இங்கேயும்" என்று சந்தோஷப்படுவார்களா என்பது மார்க்கெட்டிங்கின் தலைவலி. உங்கள் ரிப்போர்ட் ஒரு தலைவலிக்குத்தான் மருந்து வைத்திருந்தது என்று ஊகிக்கிறேன்.

இனி நிஜமான விளையாட்டு. அதில் நீங்கள் கவனிக்க வேண்டியது சத்தம் போடுகிறவரை இல்லை. கேள்வியை எப்படிப் போடுவது என்று தீர்மானிக்கிறவரை. இதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது, குவாலிட்டியில் இருப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முதல் நாள். ராக்கெட் பூஸ்டர் செய்த மார்ட்டன் தயோகால் கம்பெனியின் பொறியாளர்கள் நாசாவுடன் தொலைபேசிக் கூட்டத்தில் இருக்கிறார்கள். குளிரில் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம் சரியாக அடைக்காது, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவக் கூடாது என்கிறார்கள். அது நம்ம கணக்கில் சுமார் 12 டிகிரி செல்சியஸ். நாசா தரப்பில் முகம் சுளிக்கிறார்கள். தயோகால்காரர்கள் "கொஞ்ச நேரம் கொடுங்கள்" என்று லைனைத் துண்டித்துவிட்டுத் தங்களுக்குள் பேசுகிறார்கள். ராஜர் போஷலே என்ற பொறியாளர் அப்போதும் வாதாடுகிறார். அந்த நேரத்தில் மூத்த அதிகாரி ஒருவர், பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மேனேஜர் தொப்பியைப் போடச் சொல்கிறார். நான்கு மேனேஜர்கள் மட்டும் கூடி முடிவெடுத்தார்கள், பொறியாளர்களைக் கேட்கவில்லை. மறுநாள் கிளம்பிய 73-வது விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

இதில் தொப்பிக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வழக்கமாக அங்கே கேள்வி, "பறப்பது பத்திரம் என்று நிரூபி" என்பது. அன்று இரவு அது திரும்பி, "பறந்தால் ஆபத்து என்று நிரூபி" என்று ஆகிவிட்டது. நிரூபிக்கும் சுமை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாறியதை அந்த நேரத்தில் யாரும் உரக்கச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் உங்கள் டிஸ்பேட்ச் செக்‌ஷனில் நடப்பதும் இதுதானே? லாரி வாசலில் நிற்கும், அளவு தவறிய சரக்கையும் அனுப்ப அனுமதி கேட்கும் டீவியேஷன் படிவம் உங்கள் மேஜைக்கு வரும். "இந்த லாட் ஃபெயில் ஆகும்னு உங்களால எழுதிக் கொடுக்க முடியுமா?" என்பார் புரொடக்‌ஷன்காரர். எழுதிக் கொடுக்க முடியாதுதான். ஆனால் உங்கள் வேலை அது இல்லை. "இது பாஸ் ஆகும்னு நீங்க எழுதிக் கொடுங்க சார், நான் கையெழுத்துப் போடுறேன்" என்று கேள்வியை அதன் இடத்திலேயே திருப்பி வைக்கப் பழகுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

மேஜைக்கே வராத விஷயங்களும் உண்டு. பீட்டர் பக்ராக், மார்ட்டன் பராட்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் 1962-லேயே இதை எழுதிவிட்டார்கள். எதைப் பேசவே விடாமல் வைக்கிறோம் என்பதும் அதிகாரத்தின் ஒரு முகம் என்றார்கள். ஓ.எம்.ஆர். கம்பெனியில் இரவு ஷிஃப்ட் வண்டியின் ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரி, தாம்பரம், மடிப்பாக்கம் எல்லாம் ஒழுங்காகப் போகும். வியாசர்பாடியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் சென்ட்ரலில் இறங்கி, விடியும்வரை காத்திருந்து போவார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் இது பேசப்பட்டதா என்றால் இல்லை. யாரும் தடுக்கவில்லை. அஜெண்டா போடுகிறவர் அடையாறில் இருந்தார், அவ்வளவுதான். கடைசியில் ஒரு பெண் செய்தது எனக்கு இன்றும் பிடிக்கும். கூட்டத்தில் அவள் புகார் பேசவில்லை. மினிட்ஸ் எழுத ஆள் தேடியபோது "நான் எழுதுறேன்" என்றாள். மூன்றாவது மாதம் "முந்தைய கூட்டத்தில் விடுபட்டவை" என்ற தலைப்பில் வட சென்னை ரூட்டை ஒரு வரியாகச் சேர்த்தாள். வரி இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். ஆறாவது மாதம் வண்டி வந்துவிட்டது. மினிட்ஸ் எழுதுவது எடுபிடி வேலை என்று நினைத்து எல்லோரும் நழுவுவார்கள். நழுவாதீர்கள்.

அந்த அண்ணா நகர் காரைப் பற்றி இன்னும் கொஞ்சம். முடிவுகள் காரிலும், டீக்கடையிலும், சாயங்காலம் பாரிலும் ஆகின்றன என்றால், அங்கே யார் இருக்க முடியாது என்றும் கேட்க வேண்டும். ஆறு மணிக்கு மின்சார ரயிலைப் பிடித்தாக வேண்டிய பெண் அங்கே இல்லை. மீட்டிங் இங்கிலீஷில் நடக்கும்போது, மெஷினைக் கையால் தொட்டவர் வாயைத் திறப்பதில்லை. கேன்டீனில் தமிழில் ஆரம்பித்தால் அவர்தான் எல்லோருக்கும் பாடம் எடுப்பார். "உங்களுக்கு எந்த ஊரு?" என்று அன்பாக ஆரம்பித்து, "அங்க எந்தத் தெரு?" என்று போகும் விசாரிப்பும் நமக்குத் தெரியாததில்லை. சாதி என்ற சொல்லையே எடுக்காமல் "நம்ம ஆளு" யார் என்று முடிவாகிவிடும். ஒரே காலேஜ், ஒரே பேட்ச் என்பதும் பல இடங்களில் அதே வேலையைப் பார்க்கிறது. டீக்கடைப் பேச்சை நீங்கள் கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் உங்களால் நுழைய முடிந்த அந்த வட்டத்துக்குள் நுழையவே முடியாத ஒருவர் உங்கள் பிரிவில் இருப்பார். மீட்டிங்கில் அவர் பெயரைச் சொல்லி, "இதை அவர்தான் அளந்து பார்த்தார், அவரையே கேட்போம்" என்று தமிழிலேயே கேட்டு வையுங்கள்.

தனியாளாக முடியாதது கூட்டாக முடிவதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளை முதலில் கொட்டியது எந்த ஆபீஸிலும் இல்லை. செல்வபதி செட்டியார் போன்ற உள்ளூர் வணிகர்களிடம்தான் கொட்டினார்கள். சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது அதில் ஒன்று. அந்தப் பேச்சு வளர்ந்துதான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் உடன் இருந்தார். உங்கள் விஷயம் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தது. புரொடக்‌ஷனிலிருந்து ஒருவர், மெயின்டனன்ஸிலிருந்து ஒருவர் என்று மூன்று கையெழுத்து இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

மேஸ்திரி மாதிரி தகவலைப் பதுக்கி வைக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எட்டு வருட அனுபவம், உங்கள் தலையிலும் எத்தனையோ இருக்கும். மேஸ்திரிக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலி வந்து இரண்டு மாதம் வரவில்லை. கம்பெனி பயந்துபோய் பழைய பேனலையே தூக்கிவிட்டு, பி.எல்.சி. என்ற சின்னக் கம்ப்யூட்டர் வைத்த புது பேனல் போட்டது. டிராயிங் மூன்று காப்பி, ஒன்று பேனல் கதவுக்குள்ளேயே ஒட்டியது. அவர் திரும்பி வந்தபோது பிரஸ் ஒருநாள் நின்றது. பாலிடெக்னிக் முடித்த பையன் ஒருவன் கதவைத் திறந்து டிராயிங்கைப் பார்த்து கால் மணி நேரத்தில் ஓட்டிவிட்டான். மேஸ்திரி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று டீ வரவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு. வேலை மாறுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பர்சேஸ் ஹெட்டோ உங்கள் மேனேஜரோ, யார் கொஞ்சம் மனம்விட்டுப் பேசுவாரோ அவரிடம் தனியாகப் போங்கள். மெயில் வேண்டாம். "ஏன் என் ரிப்போர்ட்டை ஒதுக்கினீங்க?" என்று கேட்டால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "சார், நான் எதைப் பார்க்காம விட்டேன்?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

பணம், கடன் நாள், கஸ்டமர் விருப்பம் என்று ஏதாவது ஒரு காரணம் வந்தால் அது நல்ல செய்தி. அடுத்த ரிப்போர்ட்டில் அதற்கும் ஒரு பத்தி எழுதுங்கள். எழுதுவதற்கு முன்பே, பாதி வேலை நடக்கும்போதே, அந்தந்த டிபார்ட்மென்ட்டுக்குப் போய்க் காட்டுங்கள். முடிந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் குற்றம் கண்டுபிடிப்பார்கள். முடியாததைக் காட்டினால் ஆலோசனை சொல்வார்கள், அப்புறம் அது அவர்களுடைய ரிப்போர்ட்டும் ஆகிவிடும். இதுவும் பாலிடிக்ஸ்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்: நான் யாரிடம் என்ன பேசினேன் என்பதை அந்த ரூமில் உரக்கச் சொல்ல முடியுமா? முடியுமென்றால் செய்வேன்.

"அதெல்லாம் மேல இருந்து வந்துச்சு, விடுங்க" என்ற பதில் வந்தால் ஒருமுறை விட்டுவிடலாம். எல்லா கம்பெனியிலும் அப்படி ஒன்றிரண்டு நடக்கும். கமிஷன் வாடை அடித்தால் மட்டும் நான் செய்த மாதிரி கேன்டீனில் பேசாதீர்கள். என்னிடம் ஆதாரம் இல்லை, கடைசியில் தப்பும் என்னுடையதாகிவிட்டது. உங்கள் ரிப்போர்ட்டின் தேதி போட்ட காப்பியைக் கம்பெனி மெயிலிலேயே பத்திரமாக வையுங்கள். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கிய கம்பெனி, வங்கிகளில் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய கம்பெனி ஆகியவற்றில் புகார் சொல்ல ஒரு தனி வழி இருந்தாக வேண்டும், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-ம் பிரிவும் அதன் கீழ் வரும் விதிகளும் அதைச் சொல்கின்றன. கையில் காகிதம் இருந்தால் அங்கே போங்கள்.

அதே "மேல இருந்து" பதில் இரண்டாவது, மூன்றாவது முறையும் வந்து, கேட்பதே குற்றம் என்கிற மாதிரி முகத்தைப் பார்த்தார்கள் என்றால், அன்றைக்கு சாயங்காலமே ரெஸ்யூமை எடுத்துத் தேதியை மாற்றுங்கள். போகிற இடத்திலும் முதல் ஒரு மாதம் ஆர்கனைசேஷன் சார்ட்டைப் பார்க்க வேண்டாம். மெஷின் நின்றால் யாருக்கு டீ வருகிறது என்று பாருங்கள்.